ஜப்பான்காரர் தமிழ் படித்தார்; நாம் என்ன படித்தோம்?

பொங்கல் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது, ஜப்பான் பேராசிரியரே ஒத்துக்கொண்டார்" என்று ஆரம்பித்து, கீழே இருபது முப்பது சொற்களின் பட்டியல் இருக்கும். எங்கள் சிவகிரி பக்கத்துக் குழுக்களிலும் வரும், சிங்கப்பூர் குழுக்களிலும் வரும். அந்தப் பேராசிரியர் கற்பனை ஆள் இல்லை. சுசுமு ஓனோ (1919–2008), தோக்கியோவில் உள்ள கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், பழைய ஜப்பானிய மொழிக்குப் பெரிய அகராதி தொகுத்தவர்களில் ஒருவர். அவர் சொன்னது சரியா தப்பா என்பது ஒரு கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: அது சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க, பழைய ஜப்பானியம் படிக்கத் தெரிந்த தமிழர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அது ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

1916: இரண்டு தொடக்கங்கள்

ஜப்பானைப் பற்றிய ஆர்வம் நமக்குப் புதுசு இல்லை. 1905-இல் ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்தபோது ஆசியா முழுக்க ஒரு அதிர்வு ஓடியது. தமிழ்ப் பத்திரிகைகளும் அதைக் கொண்டாடின. 1916-இல் புதுச்சேரியில் இருந்த பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஹைக்கூ என்ற வடிவத்தைத் தமிழுக்கு முதலில் சொன்ன கட்டுரை என்று இதைத்தான் சொல்வார்கள். கல்கத்தாவின் மாடர்ன் ரிவியூ பத்திரிகையில் யோனே நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. அதாவது, ஜப்பான் கவிதை எட்டயபுரத்துக்காரரிடம் வந்தது ஆங்கிலம் வழியாக, கல்கத்தா வழியாக.

அதே 1916-இல் தாகூர் நேரடியாக ஜப்பானுக்கே போனார். அதற்கு முன்பே, 1905 வாக்கில், சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ சொல்லிக்கொடுத்தார். பின்னால் விசுவபாரதியில் ஜப்பானிய மொழி முறையான பாடமானது. 1994-இல் நிப்பான் பவனா என்று தனிக் கட்டடமே எழுந்தது. தாகூர் ஜப்பானை ரசித்ததோடு நிற்கவில்லை என்பதையும் கவனிக்கணும். 1938-இல் சீனா மீது ஜப்பான் நடத்திய போரை நோகுச்சி நியாயப்படுத்தியபோது, அதே நோகுச்சியோடு கடிதத்தில் கடுமையாக மோதினார். ஒருத்தரை நெருங்கித் தெரிந்தவர்தான் அவரிடம் அப்படிச் சண்டை போட முடியும்.

ஒரே வருஷம், ஒரே நோகுச்சி. வங்காளத்தில் அது ஒரு பல்கலைக்கழகத் துறை வரை போனது. நம்மிடம் ஒரு நல்ல கட்டுரையோடு நின்றுவிட்டது. பாரதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; அவர் தலைமறைவு மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தார், கையில் காசு இல்லை. அதற்குப் பிறகு வந்த நம் நிறுவனங்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். நொபொரு கராஷிமா 1933-இல் பிறந்தவர். 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார். தமிழ் கற்றார், கல்வெட்டுப் படிக்கக் கற்றார். அப்போது இந்தியக் கல்வெட்டுத் துறை அலுவலகம் ஊட்டியில் இருந்தது. அங்கே போய் மைப்படிகளோடு உட்கார்ந்தார். அச்சில் வராத கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தன.

1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அவர் வாசித்த கட்டுரை, திருச்சிப் பக்கத்து இரண்டு ஊர்களைப் பற்றியது: அல்லூர், ஈசானமங்கலம். முன்னது வேளாளர் ஊர், பின்னது பிரமதேயம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் யார் விற்றார், யார் வாங்கினார் என்று வரிசையாகப் பிரித்துப் பார்த்தார். ஈசானமங்கலத்தில் பிராமணர்கள் தனித்தனி ஆளாக நிலம் வைத்திருந்தார்கள், உழுதவர்கள் வேறு ஆட்கள். அல்லூரில் ஊரார் சேர்ந்தே நிலத்தை விற்றார்கள். "பழைய தமிழ்க் கிராமம்" என்று ஒரே அச்சில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு கிராமங்களை மட்டும் எடுத்து, அவை ஒன்றுபோல் இல்லை என்று காட்டியது பெரிய திருப்பம்.

அடுத்து அவர் செய்த வேலை, என்னைப் போல கணினியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி இருவரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து, கணினி உதவியோடு அடைவு தயாரித்தார். 1978-இல் மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியானது. ஒரு பெயரை ஊர், பட்டம், காலம், பகுதி என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள். 'உடையான்' என்று முடியும் பெயர் எங்கே அதிகம், 'மூவேந்தவேளான்' என்ற பட்டம் யாருக்குக் கிடைத்தது, 'அரையன்' எப்போது பெருகியது என்று கேள்வி கேட்டால் பதில் வரும். இன்றைக்கு நாம் டேட்டாபேஸ் என்கிறோம். அவர்கள் அதை 1970-களிலேயே கல்வெட்டில் செய்து முடித்துவிட்டார்கள்.

கராஷிமா பிற்பாடு தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர். 1995 தஞ்சாவூர் மாநாடு அவர் தலைமைக் காலத்தில்தான் நடந்தது. 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2015-இல் மறைந்தார். ஜப்பானில் சாதாரண ஜனங்களுக்கு அவரை வேறு விதமாகவும் தெரியும். 'ஒயிஷின்போ' என்ற பிரபலமான சமையல் மாங்கா கதையில், இந்தியக் கறி பற்றி விளக்கம் சொல்லும் நிபுணராக அவரே ஒரு பாத்திரமாக வருகிறார்!

அவர் தனி ஆள் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். அவரைச் சுற்றியும் பின்னாலும் ஒரு வரிசையே இருக்கிறது. சுகாசா மிஜுஷிமா, 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமக் கணக்குகளை வைத்து நாட்டார்களைப் பற்றி ஆராய்ந்தார். ஹருகா யானகிசாவா, லால்குடி வட்டாரத்து நஞ்சை நிலங்கள் 1860-களிலிருந்து 1970-கள் வரை எந்தச் சாதியிடமிருந்து எந்தச் சாதிக்குக் கை மாறின என்று ஒரு நூற்றாண்டுக் கணக்கைப் போட்டார். தகனோபு தகஹாஷி சங்க அக இலக்கியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஆராய்ந்தவர். திருக்குறளை நேரே தமிழிலிருந்து ஜப்பானியத்துக்குக் கொண்டு போனார். நொரிஹிகோ உச்சிதா சௌராஷ்டிர மொழிக்கு அகராதி செய்தார். ஷு ஹிகோசாகா தமிழ்நாட்டுப் பௌத்தத்தைப் பற்றி எழுதினார். சென்னையில் 1982-இல் ஆசியவியல் நிறுவனம் உருவானதில் ஜி. ஜான் சாமுவேலோடு அவருக்கும் பங்குண்டு.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று: முதலில் மொழி, பிறகு மூல ஆவணம், அப்புறம்தான் கருத்து. அதற்குச் சம்பளம் கொடுத்துப் பத்து வருஷம் பொறுத்திருக்க ஒரு பல்கலைக்கழகம் பின்னால் இருந்தது.

ஓனோ சொன்னது என்ன?

இந்தப் பின்னணியில் ஓனோவைப் பார்ப்போம். 1980 வாக்கில் தமிழ்–ஜப்பானிய ஒலி ஒப்புமை பற்றி வெளியிடத் தொடங்கினார். சென்னைக்கு வந்து தங்கினார். இங்கே பொற்கோ (பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்) அவரோடு பணியாற்றினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் கக்குஷுயினுக்கே போய் அவரோடு வேலை செய்தார்கள். மனோன்மணி அவர்கள், 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்ற ஜப்பானியத் தொகை நூலைச் சங்கப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார், அதன் காதல் பாடல்களைத் தமிழுக்குத் தந்தார். இருபது பகுதி, நாலாயிரத்து ஐந்நூறு பாடல் கொண்ட நூல் அது. போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து இது நடந்தது என்பதை நினைக்கும்போது, அமைதியாக இருந்த நமக்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓனோவின் வாதம் சொற்பட்டியலோடு நிற்கவில்லை. நெல் விவசாயம், உலோகம், நெசவு சார்ந்த சொற்கள் ஒரு கூட்டமாக ஒத்துப்போகின்றன என்றார். நம் பொங்கலையும், ஜனவரி 15-ஐ ஒட்டி ஜப்பானில் கொண்டாடும் 'சின்னப் புத்தாண்டு' சடங்குகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வாட்ஸ்அப் செய்தி விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு: பிற்காலத்தில் அவர் "ஒரே தாய்மொழியிலிருந்து பிறந்தவை" என்ற நிலையிலிருந்து நகர்ந்து, தமிழ் பேசியவர்களின் தொடர்பால் உருவான கலப்பு என்ற விளக்கத்துக்கு வந்தார். இரண்டும் ஒன்றல்ல.

ஜப்பானில் இதற்குப் பலத்த எதிர்ப்பு. மொழியியலாளர் ஷிச்சிரோ முராயாமா 1982-இல் மறுப்புக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். தமிழறிஞர் கமில் சுவலபில் 1985-இல் இந்தக் கருதுகோளை எடுத்து அலசி எழுதினார். இன்றைக்கு வரலாற்று மொழியியலில் பெரும்பான்மையோர் ஓனோவின் முடிவை ஏற்பதில்லை.

ஏன் ஏற்பதில்லை?

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம், ஏன்னா இங்கேதான் படிப்பு எதற்குத் தேவை என்பது புரியும்.

முதலாவது, இன்றைய ஜப்பானியச் சொல்லை எடுத்து ஒப்பிடவே கூடாது. பூவுக்கு இன்று 'ஹனா' என்கிறார்கள். அந்த 'ஹ' ஒரு காலத்தில் 'ப'. பழைய வடிவம் 'பனா'. 'ஹ'வில் தொடங்கும் சொற்களை எல்லாம் இப்படிப் பின்னோக்கி நகர்த்திய பிறகே தமிழ் பக்கம் வரணும். இரண்டாவது, ஜப்பானியச் சொற்களில் ஏராளம் சீனத்திலிருந்து வந்தவை. எண்களைப் பாருங்கள். 'இச்சி, நி, சான்' என்பது சீன வழி. சொந்த எண்கள் 'ஹிதொத்ஸு, ஃபுதாத்ஸு, மித்ஸு'. 'சான்' என்பதை எதனோடு ஒப்பிட்டாலும் நாம் சீனத்தோடு ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

சரி, சொந்த எண்ணையே எடுப்போம். மூன்றுக்கு 'மி', தமிழில் 'மூ'. ஆகா, பொருந்துதே! ஆனால் ஜப்பானியத்தில் ஆறுக்கு 'மு'. நாலுக்கு 'யோ', எட்டுக்கு 'யா'. ஒன்றுக்கு 'ஹிதோ', இரண்டுக்கு 'ஃபுதா'. எண் இரட்டிக்கும்போது உயிர் மட்டும் மாறுகிறது. இது அந்த மொழிக்குள்ளேயே இருக்கும் ஒழுங்கு. நம் நான்கு, ஐந்து, ஆறு, எட்டு எதுவும் இதில் உட்காரவில்லை. ஒரு சொல் பொருந்தியது, அந்த அமைப்பு பொருந்தவில்லை.

மூன்றாவது, தற்செயல். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு சொல்லில் முதல் இரண்டு மெய்களை மட்டும் ஒப்பிடுகிறோம், ஒவ்வொரு இடத்திலும் பத்து வகை மெய் வரலாம் என்று வையுங்கள். இரண்டும் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு நூற்றில் ஒன்று. 1000 ஜப்பானியச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் "கிட்டத்தட்ட அதே பொருள்" உள்ள 10 தமிழ்ச் சொற்கள் என்றால் ஒப்பீடுகள் 10,000. எந்த உறவும் இல்லாமலே 100 சொற்கள் பொருந்தும். ஒரு ஜப்பானிய மெய்க்கு இரண்டு தமிழ் மெய்கள் வரை ஒத்துக்கொள்வோம் என்று தளர்த்தினால் வாய்ப்பு நூற்றில் நாலு, பொருந்துவது 400. திராவிடச் சொற்பிறப்பகராதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அதில் தேடினால் நூற்றுக்கணக்கில் ஒப்புமை கிடைப்பது ஆச்சரியம் இல்லை. கிடைத்தவை தற்செயலின் எல்லையைத் தாண்டுகின்றனவா என்பதுதான் கேள்வி.

நாலாவது, காலம். ஓனோ சொல்லும் தொடர்பு கிமு காலத்தது. ஜப்பானியத்தில் நமக்குக் கிடைக்கும் பெரிய எழுத்துச் சான்றுகள் கிபி 8-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. கொஜிகி 712-இல் எழுதப்பட்டது. இடையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருட்டு.

இவ்வளவும் சொன்னதால் ஓனோ ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். ஒரு பெரிய அறிஞர் தன் துணிச்சலான கருத்தைப் பொதுவில் வைத்தார், அவர் நாட்டு அறிஞர்களே அதைச் சோதித்தார்கள். தமிழ் பக்கத்தை ஓரளவு சரிபார்க்க ஜப்பானில் ஆள் இருந்தது. ஜப்பானியப் பக்கத்தைச் சரிபார்க்கத் தமிழ்நாட்டில் ஆள் இல்லாததால், நம்மில் பலர் நம்பினார்கள், சிலர் சிரித்தார்கள். நம்புவதற்கும் சிரிப்பதற்கும் பழைய ஜப்பானியம் தேவையில்லை, சோதிக்கத்தான் தேவை.

ஒரு துறை எப்படி வளர்கிறது

இந்தியாவில் இதற்கு முன்மாதிரியே இல்லையா என்றால், இருக்கு. 1962 போரில் சீனாவைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது உறைத்தது. 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கியது. 1969-இல் ஜப்பானியல் சேர்ந்தது. இன்று அது கிழக்காசியத் துறை. சோவியத்–ஜப்பான் உறவு சீரானதைப் பற்றி 1973-இல் நூல் வெளியிட்ட சாவித்ரி விசுவநாதன் அங்கே ஜப்பானியல் பேராசிரியராக இருந்தவர். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒரு மையம், அரசியல் பொருளாதாரத்துக்கு இன்னொன்று. புனேயில் 1970-களிலிருந்து ஜப்பானிய மொழி ஆசிரியர்களின் ஒரு சமூகமே உருவாகிவிட்டது. பக்கத்து இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பட்டமே வாங்கலாம்.

இவை வளர்ந்த விதத்தில் ஒரு படிவரிசை தெரிகிறது. முதலில் மொழி வகுப்பு. அதில் தேறியவர்களில் சிலருக்கு ஜப்பானில் ஓரிரு வருஷம் படிக்க உதவித்தொகை. திரும்பி வந்தவருக்கு நிரந்தர வேலை. அவர் வழிநடத்தும் முனைவர் பட்ட மாணவர்கள். கூடவே நூலகம். கடைசி மூன்று படிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் முதல் படியிலேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

தமிழ்நாட்டில் நாம் முதல் படியில் கெட்டிக்காரர்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மாதிரி அமைப்புகள் எத்தனையோ வருஷமாக ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கின்றன. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. என்-5-இல் தொடங்கி என்-1 வரை ஐந்து நிலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் வந்த பிறகு கிராக்கி கூடிவிட்டது. ஐடி துறையில் 'பிரிட்ஜ் எஸ்இ' என்று ஒரு வேலையே உண்டு: ஜப்பான் வாடிக்கையாளர் எழுதும் 'கிஹோன் செக்கேய்', அதாவது அடிப்படை வடிவமைப்பு ஆவணத்தைப் படித்து, இங்கே நிரல் எழுதுகிறவர்களுக்குப் புரிய வைப்பது. சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது அந்த வேலைக்கு ஆசைப்பட்டுக் காஞ்சி எழுத்துப் பழகுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 காஞ்சி இருக்கின்றன; அதை மனப்பாடம் பண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இது நல்ல பிழைப்பு, இதைத் தாழ்வாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை.

ஆனால் இந்தப் பாதை என்-2-இல் அல்லது ஆஃபர் லெட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பழைய இலக்கணம், குஸுஷிஜி என்ற பழைய கோட்டெழுத்து (நம் வட்டெழுத்து மாதிரி, பழகாத கண்ணுக்கு ஒன்றும் புரியாது), வரலாற்று ஆவணம் என்று போக இங்கே வழி இல்லை. ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யே நம் இயற்கை விவசாயிகளிடம் ஆங்கிலம் சுற்றித்தான் வந்தது. 1916-இல் பாரதிக்கு வந்த அதே வழி.

இதில் நமக்கு என்ன நஷ்டம்?

நேரடி நஷ்டம் ஒன்று இருக்கு. கராஷிமா, மிஜுஷிமா, யானகிசாவா போன்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். அவர்கள் தங்கள் சொந்த மொழியிலும் எழுதினார்கள். அல்லூரைப் பற்றியும் லால்குடியைப் பற்றியும் செங்கல்பட்டைப் பற்றியும் ஒரு ஆய்வு மரபு, நம்மால் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. நம்ம ஊர்ச் சரித்திரம் ஒரு பகுதி ஜப்பானியத்தில் பூட்டிக் கிடக்கிறது, சாவி செய்யக் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லலாம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோம்; தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பிறர் நம்மைப் படிக்க வேண்டும் என்பதற்கு நாம் காட்டிய அக்கறை அது, நல்லதுதான். நாம் பிறரைப் படிப்பதற்கு அதில் ஒரு பங்கு அக்கறை காட்டினால் போதும். பெரிய கட்டடம் வேண்டாம். தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்றில், வரலாற்றுத் துறையோடோ மொழியியல் துறையோடோ இணைத்து, பழைய ஜப்பானியம் தெரிந்த ஒருவருக்கு ஒரு நிரந்தரப் பணியிடம். ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள். பத்து வருஷப் பொறுமை. ஜப்பான் பவுண்டேஷன் 1972-லிருந்து இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு உதவிவரும் அமைப்பு. ஆனால் கேட்கிற இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கணும்.

அது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். என்-2 தாண்டிய பிள்ளைகள் இப்போது ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சரித்திர ஆர்வம் உள்ளவர் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டைப் பற்றி ஜப்பானிய மொழியில் வந்த ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை, உரிமை உள்ளவரிடம் அனுமதி வாங்கி, நேரே தமிழில் கொண்டு வாருங்கள். கல்வெட்டுச் சொற்களுக்கு உதவி வேண்டுமென்றால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை கூட உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் கட்டுரைக்கு ஆறு மாசம் ஆகலாம். இரண்டாவதுக்கு அவ்வளவு ஆகாது.